பிற

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு படங்கள்.
மூன்று பேர். ஒரு ஹீட்டர்,
அதுவும் ஒரு பக்கம் மட்டுமே சிவக்கும்.
கீழே மருந்துக்கடை. அதன் கதவு திறக்கும்போதெல்லாம்
குத்தாயிசியின் பிப்ரவரி
படியேறி வந்து உட்காருகிறது.

சுவரில் ஐந்து காகிதங்களை ஒட்டியிருக்கிறாள் நெஸ்தான்.
எல்லைகள். உடல். இரவு வேலை.
நீர்: இது பாட்டில் தண்ணீர் கம்பெனி கேட்டு வாங்கிய தலைப்பு,
ரியோனி ஆற்றுக்கு இதில் பங்கில்லை.
ஐந்தாவதில், கொஞ்சம் சின்ன எழுத்தில், பிற.

எந்தப் படமும் எதிலாவது அடங்கிவிடும்
என்பது மல்ஹாஸின் கட்சி.
மீன் வந்தால் நீர்.
அம்மணம் வந்தால் உடல்.
முள்வேலி வந்தால் கேட்கவே வேண்டாம்.
லாட்வியாவிலிருந்து ஒன்று வந்தது:
முள்வேலிக்கு அந்தப் பக்கம், கொட்டும் மழையில்,
அம்மணமாய் நிற்கிறான் ஓர் இரவுக் காவலாளி.
மல்ஹாஸ் இருமி இருமிச் சிரித்தான்.
"இது ஒன்றே போதும்,
விழாவை முடித்துக்கொள்ளலாம்."

அன்றைக்கே, விளக்கு வைத்தபின்,
வனாத்சோரிலிருந்து பதினோரு நிமிடம்.
மலைக் கணவாய். பனி.
ஆறு நாளாய் நகராத லாரி வரிசை.
"எல்லைகள்" என்றாள் இயா முதல் ஷாட்டிலேயே,
பேனாவையும் திறந்துவிட்டாள்.

லாரிக்காரனுக்குப் பெயர் சொல்லப்படவில்லை.
தார்ப்பாயின் அடியில், சரக்கோடு சரக்காக,
வீட்டுக்கென்று வாங்கிய ஒரு வாஷிங் மெஷின்.
அளவு நாடாவை இழுக்கிறான்.
அறுபத்திரண்டு.
போனில் மனைவி சொல்கிறாள்,
தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் அறுபதுதான்.
மறுபடி இழுக்கிறான். அறுபத்திரண்டு.
ஸ்டவ்வில் சூப் கொதிக்கிறது,
பக்கத்து லாரிக்காரன் உப்பு கடன் கேட்கிறான்.
மறுபடி.
குளிரில் இரும்பு சுருங்கும் என்று
பள்ளியில் எப்போதோ கேட்டவன்போல
மறுபடி.

சோதனைச் சாவடி படத்தில் வரவே இல்லை.
கடைசி நிமிடத்தில் போனுக்குள்ளிருந்து
டம். டம்.
"என்ன சத்தம்?"
"சுவத்த இடிக்கிறேன்."

இயா பேனாவை மூடினாள்.
மூடி சரியாக உட்காரவில்லை,
விரலெல்லாம் மை.

விண்ணப்பத்தில் கருப்பொருள் என்ற கட்டத்தில்
இயக்குநர் ஹிராய்ர் எழுதியிருந்தான்:
துணி துவைத்தல்.

காத்திருப்பதற்கென்றே
ஒரு காடும் ஒரு மாலையும் ஒரு வெள்ளைப் பூவும்
ஒதுக்கி வைத்த மொழி ஒன்று உண்டு.
அந்தச் சுவரில் அதற்குக் காகிதம் இல்லை.

"பிற-வில் போடேன்."
"பிற ஞாயிறு காலை பத்து மணிக்கு.
ஒலிக்காரன்கூட வரமாட்டான்.
எல்லைகள் என்றால் சனி மாலை,
தூதரகப் பணம், மொழிபெயர்ப்பாளர், ஒயின்."
யாரும் எதிர்த்துப் பேசவில்லை.
நெஸ்தானே எழுதினாள்:
எல்லைகள், இரண்டாம் தொகுப்பு, வரிசை நான்கு.

மே மாதம்.
பட்டாலைத் தொழிலாளர்களின் பழைய மன்றம்,
மடக்கினால் முனகும் நாற்காலிகள்.
தூதரகத்துக்காரர் எல்லைகளைப் பற்றிப் பதினான்கு நிமிடம் பேசினார்,
படத்தைவிட மூன்று நிமிடம் அதிகம்.
ஹிராய்ர் வரவில்லை. வேலை என்று சொல்லியிருந்தான்.

டம். டம்.
மூன்றாம் வரிசையில் ஒருத்தி
தன் பக்கத்திலிருந்தவனைத் திரும்பிப் பார்த்தாள்.
அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

இரவு பதினொன்றுக்கு வாக்குச்சீட்டுகளை எண்ணினார்கள்.
ஒன்றில் மதிப்பெண்ணே இல்லை,
பென்சிலில் ஒரு கேள்வி மட்டும்:
'மெஷின் உள்ளே போச்சா?'
செல்லாத வாக்கு என்று தனியே வைத்தான் மல்ஹாஸ்.
அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள் நெஸ்தான்.

வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல்,
வனாத்சோருக்கு அந்த ஒரு வரியை அனுப்பினாள்.

விடிந்ததும் பதில் வந்திருந்தது.
போச்சு.
சுற்றும்போது மட்டும் கொஞ்சம் நடக்கிறது,
கதவு வரைக்கும் வருகிறது,
அம்மா அதைத் தள்ளிக்கொண்டுபோய்
மறுபடி அதன் இடத்தில் விடுகிறாள்.